இலட்ச ரூபா பிளேயர் பிறகு வாங்கலாம், முதலில் அலுமாரியில் கிடக்கும் சீடீக்களைக் காப்பாற்றுங்கள்



போன கிழமை எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "ஸேர், கட்டார்ல இருந்து வரக்குள்ள ஒரு ஹை-ரெஸ் பிளேயர் கொண்டு வரப் போறன். எஸ்ஏசீடீயும் பாடணும், சாதாரண சீடீயும் பாடணும். எது நல்லம்?" அதற்குக் கீழே முப்பது பதில்கள். ஒருவர் இப்போது யார் சீடீ கேட்கிறார்கள், யூடியூப் இருக்கிறதே என்றார். ஒருவர் பாட்டுக் கேட்பதே கூடுமா என்று ஆரம்பித்தார். பிறகு வழக்கம் போல பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைக்கவில்லை. குழுமத்தில் நான் எழுதினால் மூன்றாவது வரியிலேயே யாராவது பூப்படம் போட்டு காலை வணக்கம் சொல்லிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும்.

என் கருத்தை மேலேயே வைத்துவிடுகிறேன். கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் உள்ள எங்கள் வீடுகளுக்கு ஹை-ரெஸ் பிளேயர் அவசரத் தேவை இல்லை. அவசரமானது வேறொன்று. அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில், பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் சீடீக்களும் கெசட்டுகளும் மௌத்தாகிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சல்லியில் பத்தில் ஒரு பங்கைச் செலவழித்தால் அவற்றைக் காப்பாற்றலாம்.

முதலில் தம்பியின் கேள்வி. அதையும் அலட்சியமாக விட முடியாது.

சாதாரண சீடீ 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சந்தைக்குக் கொண்டு வந்தது. செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைப்பதுதான் அதன் வேலை. இதனால் ஏறக்குறைய 22,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை அது தாங்கும். மனிதக் காதின் எல்லை 20,000 என்று பாடப் புத்தகத்தில் நாங்களே படிப்பிக்கிறோம். அதுவும் சின்னப் பிள்ளைகளின் காதுக்கு. நாற்பதைத் தாண்டிய எங்களுக்கு 15,000-க்கு மேலே கேட்பதே குறைவு. 16 பிட் என்பதால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. கட்டுகஸ்தோட்டைப் பாதையோரத்து வீடொன்றில் மாத்தளை பஸ்ஸும் மழையும் தகரக் கூரையும் இருக்கும்போது அந்த 96-இல் எத்தனை எங்கள் காதுக்கு வந்து சேரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஏசீடீ, அதாவது சுப்பர் ஓடியோ சீடீ, 1999-இல் வந்தது. அடுத்த வருடம் டீவீடீ ஓடியோ. முதலாவது ஒரே ஒரு பிட்டை செக்கனுக்கு 28 இலட்சம் தடவைக்கு மேல் எழுதும் முறை. இரண்டாவது 24 பிட்டில் 96,000 அல்லது 192,000 தடவை அளக்கும் முறை. காகிதத்தில் பார்த்தால் சீடீயை விட எவ்வளவோ பெரிது. காதில்?

இதை இரண்டு அமெரிக்கர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மேயர், மோரன் என்று பெயர். 2007-இல் ஓடியோ பொறியியல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் டிஸ்க்கை ஒரு தடவை அப்படியே, ஒரு தடவை சீடீத் தரத்துக்குக் குறைத்து, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 தடவை செய்ததில் சரியாகச் சொன்னது 276 தடவை. சில்லறையைச் சுண்டிவிட்டுப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். நியாயமாகச் சொல்வதானால் இன்னொரு பக்கமும் உண்டு. 2016-இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ரைஸ் என்பவர் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது 52.3 வீதம் சரியாக வந்தது. ஆக, வித்தியாசம் இருக்கிறது என்று வாதாடுபவர்களுக்கும் இடம் உண்டு. நூற்றுக்கு ஐம்பதுக்குப் பதிலாக ஐம்பத்திரண்டு. அதற்கு எத்தனை இலட்சம் கொடுப்பது என்று அவரவர் பொக்கெட்டைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஹை-ரெஸ் டிஸ்க் சில நேரம் உண்மையாகவே நன்றாகக் கேட்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த டிஸ்க்குக்காக மூல நாடாவை மறுபடி கவனமாகத் திருத்திப் பதிந்திருப்பதுதான். தையற்காரர் மாறினால் சட்டை நன்றாக இருக்கும், அதற்குத் துணியைப் புகழ்வது போல.

அடுத்து, நாங்கள் வீட்டில் என்ன கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் முழுக் குர்ஆன் ஓதல் எகிப்தில் 1961-இல் இசைத்தட்டாக வெளிவந்தது. முழுக் குர்ஆனும் இப்படி ஒலிப்பதிவாக வந்தது அதுதான் முதல் தடவை. 1988-இல் மௌத்தான அப்துல் பாஸித் அப்துஸ் ஸமதின் பழைய பதிவுகளும் அந்தக் காலத்து நாடாக்கள்தாம். நாகூர் ஹனீபா அவர்கள் இசைத்தட்டுக் காலத்தில் பாட ஆரம்பித்தவர். இவற்றின் மூலப்பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் எந்த டிஸ்க்கிலும் வரும். 192,000 தடவை அளந்தாலும் அந்தக் காலத்து மைக் பிடிக்காத ஒலியை எந்தப் பிளேயரும் உண்டாக்காது. வானொலியின் மத்திய அலையில் இருந்து வீட்டில் பதிந்த கெசட் என்றால் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் இருக்காது. சீடீத் தரமே அதற்கு விசாலமான வீடு.

இத்தனைக்கும் பிறகு தம்பி வாங்கத்தான் வேண்டும் என்றால், சில விடயங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். சோனி யூபீபீ-எக்ஸ்800 போன்ற ப்ளூ-ரே பிளேயர்கள் எஸ்ஏசீடீ, டீவீடீ ஓடியோ, சீடீ எல்லாம் பாடும். ஆனால் பின்னால் சிவப்பு வெள்ளை வயர் குத்தும் துளை இருக்காது. எஸ்ஏசீடீயின் ஒலி எச்டீஎம்ஐ வயரில்தான் வெளியே வரும். அப்படியென்றால் எச்டீஎம்ஐ உள்ள அம்ப்ளிஃபையரும் வேண்டும். பிளேயருக்குச் சல்லி சேர்த்தவர் அம்ப்ளிஃபையருக்கும் சேர்க்க வேண்டும், பிறகு ஸ்பீக்கருக்கும். ஒப்போ என்ற கம்பனி ஓடியோப் பிரியர்கள் தேடும் பிளேயர்களைச் செய்தது. 2018-இல் புதிய பிளேயர் செய்வதை நிறுத்திவிட்டது. அதன் பாவித்த செட்டுகளுக்கு இன்றைக்கும் கேட்கும் விலையைப் பார்த்தால் ஆட்டோ வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அது பழுதானால் கண்டியில் யாரிடம் கொண்டு போவீர்கள்?

எஸ்ஏசீடீயைக் கொம்பியூட்டருக்கு எடுக்க முடியுமா என்றும் அதே தம்பி கேட்டிருந்தார். கொம்பியூட்டர் ட்ரைவில் முடியாது. உள்ளே பூட்டுப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆரம்ப கால பிளேஸ்டேஷன் 3-ஐ வைத்து முதலில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். பிறகு சில ஒப்போ, பயனியர், சோனி செட்டுகளிலும் வழி கண்டுபிடித்தார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சிரமமே வேண்டாம். எஸ்ஏசீடீக்களில் அதிகமானவை இரண்டு அடுக்கு உள்ளவை. ஓர் அடுக்கில் சாதாரண சீடீயே இருக்கிறது. அதை எந்த ட்ரைவிலும் எடுக்கலாம். மேலே சொன்ன சோதனையின்படி உங்களுக்குக் கிடைக்காமல் போவது ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுமில்லாததற்குக் கிட்டத்தட்ட.

சாதாரணமாக வீட்டில் டிஸ்க் கேட்க விரும்புபவர்களுக்கு நான் சொல்வது: பின்னால் ஒப்டிகல் அல்லது கோஎக்ஸ் வெளியீடு உள்ள ஒரு நல்ல டீவீடீ பிளேயர் போதும். பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. வாங்கப் போகும்போது கடைக்காரரின் புது சீடீயில் பாடவிட்டுப் பார்க்க வேண்டாம். வீட்டில் எரித்த பழைய சீடீ ஒன்றைக் கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். லேசர் பலவீனமாகியிருந்தால் கடையில் அச்சடித்த சீடீயைப் பாடிக்கொண்டே எரித்த சீடீயில் திணறும். கடைசிப் பாட்டுக்குத் தாவிப் பாருங்கள், தட்டு ஆடாமல் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். மிச்சச் சல்லியை ஸ்பீக்கருக்குப் போடுங்கள். ஸ்பீக்கரை அலுமாரி இடுக்கில் இருந்து வெளியே எடுத்து, தரையில் ஒரு பாய் விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டால் கிடைக்கும் முன்னேற்றத்தை எந்த 24 பிட்டும் தராது.

இனி நான் எழுத வந்த விடயம்.

எங்கள் தலைமுறைக்கு ஒலி என்றால் றேடியோவும் கெசட்டும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையில் நோன்பு காலத்தில் வரும் நிகழ்ச்சிகளை றேடியோ கெசட்டில் சிவப்புப் பொத்தானை அமத்திப் பதியாத வீடு குறைவு. பீ.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரலைப் பதிந்து வைத்துக்கொண்டு அதைப் போலவே பேசிப் பழகிய பொடியன்மார் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள், இப்போது அவர்கள் பேரன்மாரைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அதோடு ஊர்ப் பள்ளியில் நடந்த பயான், மத்ரஸா பட்டமளிப்பு, கல்யாண வீட்டு வாழ்த்து, மௌலூத் மஜ்லிஸ், சவூதியில் இருந்த வாப்பாவுக்கு உம்மா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கெசட். கடிதம் எழுதத் தெரியாத எத்தனையோ உம்மாமாரின் குரல் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த காலத்தில் இவற்றையெல்லாம் சீடீயில் எரித்து, மேலே மார்க்கர் பேனையால் "பயான் 2" என்று எழுதி வைத்தோம்.

கடையில் விற்ற சீடீ பழுதானால் உலகத்தில் எங்கேயாவது இன்னொன்று இருக்கும். "பயான் 2" பழுதானால் அவ்வளவுதான்.

எரித்த சீடீ ஏன் சீக்கிரம் சாகிறது என்று பலருக்குத் தெரியாது. கடையில் விற்கும் சீடீயில் குழிகளை அச்சுப் போல அழுத்தியிருப்பார்கள். வீட்டில் எரிப்பதில் சாயம் ஒன்றை லேசர் சுட்டு அடையாளம் வைக்கிறது. சாயம் வெயிலிலும் சூட்டிலும் வெளிறும். அடுத்தது, எல்லோரும் பளபளக்கும் பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்க்கிறோம். உண்மையில் பலவீனமான பக்கம் மேலே பெயர் எழுதும் பக்கம். பதிவு அந்தப் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான், மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றின் பாதுகாப்பில் இருக்கிறது. குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதினாலே போதும், சீடீ காயப்படும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்கவே வேண்டாம், வெள்ளிப் பூச்சும் கூடவே வரும்.

எங்கள் மலைநாட்டு ஈரத்தைச் சொல்லவும் வேண்டுமா? மழைக் காலத்தில் தோல் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். 2001-இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் இருந்து வந்த ஒரு சீடீயைப் பூஞ்சணம் தின்றிருந்ததை ஸ்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வெள்ளிப் பூச்சு போய்க் கண்ணாடி போல வெளியே தெரிந்ததாம். அதுவும் எங்களைப் போல வெப்பமும் ஈரமும் உள்ள நாடுதான். கெசட் நாடாவில் வெள்ளையாகப் படிந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஈரம் மெதுவாகக் கொல்வது. ஒரே நாளில் போவதையும் கண்டோம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது காப்புறுதிக்கும் நட்டஈட்டுக்கும் கட்டில், அலுமாரி, டீவீ என்று பட்டியல் எழுதினோம். மூத்தாப்பாவின் குரல் இருந்த கெசட் என்று யாரும் எழுதவில்லை. எழுதினாலும் விலை என்ன போடுவது? பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை டவுன் தண்ணீருக்குள் போவது எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க வெள்ளமும் மண்சரிவும். உயிர்கள் போனதற்கு முன்னால் இது சின்ன விடயம்தான், அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஆனால் சேறு அள்ளி வெளியே எறிந்த குவியல்களில் சீடீப் பெட்டிகளையும் கண்டேன். அதில் கொஞ்சமாவது காப்பாற்றக் கூடியவை இருந்திருக்கும். சேறு பட்ட சீடீயைத் துணியால் துடைக்க வேண்டாம், மணல் கீறிவிடும். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள். கடைசியில் மிருதுவான துணியால் நடுவில் இருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. கெசட் நனைந்திருந்தால் காயும் வரை செட்டில் போடவே கூடாது.

சரி, கொப்பி பண்ணுவது எப்படி? இப்போது வரும் லெப்டொப்புகளில் டிஸ்க் ட்ரைவ் இல்லை. யூஎஸ்பீயில் இணைக்கும் டீவீடீ ரைட்டர் ஒன்று வாங்க வேண்டும், பெரிய விலை இல்லை. நான்கு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும்.

சீடீ கீறியிருந்தாலும் பிளேயரில் பாடுவதற்குக் காரணம், பதிவோடு திருத்தத் தகவலும் சேர்த்து எழுதப்பட்டிருப்பது. இரண்டு மில்லிமீற்றர் அளவுக் காயத்தைக் கூட அது கணக்குப் போட்டு முழுமையாக நிரப்பிவிடும். அதற்கு மேலே போனால் பிளேயர் பக்கத்தில் உள்ளதைப் பார்த்து ஊகித்து நிரப்பும். உங்கள் காதுக்குத் தெரியாது. நல்லாத்தானே பாடுகிறது என்று சீடீயை மறுபடி டின்னுக்குள் போட்டுவிடுவீர்கள். உண்மையில் அது ஏற்கனவே ஊகத்தில்தான் ஓடுகிறது. அடுத்த வருடம் திக்கும், அதற்கடுத்த வருடம் நிற்கும். அதனால் "இன்னும் பாடுது" என்பதை ஒத்திப்போடுவதற்குக் காரணமாகச் சொல்ல வேண்டாம். பாடும்போதே எடுங்கள்.

எடுப்பதற்கு எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற சொப்ட்வெயார் இருக்கிறது. ஜேர்மன்காரர் ஒருவர் செய்தது, வீட்டுப் பாவனைக்கு இலவசம். சந்தேகமான இடத்தை அது திரும்பத் திரும்ப வாசிக்கும். கம்பனி சீடீக்களை இது இணையத்தில் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டுச் சரியா என்று சொல்லும். எங்கள் "பயான் 2"-ஐ உலகத்தில் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் அல்லவா? அதனால் ஒப்பிட ஆள் இல்லை. அதற்கு வழி, ஒரே சீடீயை இரண்டு தடவை வாசிக்க வைப்பது. இரண்டு தடவையும் வரும் சரிபார்ப்பு எண் ஒன்றாக இருந்தால் நிம்மதி. வேறுபட்டால் சீடீயைக் கழுவி, வேகத்தைக் குறைத்து மறுபடி. ஒரு ட்ரைவில் வராதது இன்னொரு ட்ரைவில் வருவதும் உண்டு. அதனால் ஒரு தடவை தோற்றவுடன் குப்பையில் போட வேண்டாம்.

எம்பீ3-ஆக எடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எம்பீ3 சிறிதாவது சில ஒலிகளைத் தூக்கி எறிந்துதான். எறிந்தது திரும்ப வராது. ஃபிளாக் என்று 2001-இல் வந்த வடிவம் ஒன்றையும் எறியாமல் மடித்து வைக்கும், விரித்தால் ஒவ்வொரு பிட்டும் அப்படியே வரும். ஒரு மணி நேரச் சீடீ சுருக்காமல் சுமார் 635 எம்பீ. ஃபிளாக்கில் ஏறக்குறைய பாதி, பேச்சு மட்டும் என்றால் இன்னும் குறையும். 64 ஜீபீ பென் ஒன்றில் சுமார் 200 மணி நேரம் அடங்கும். ஒரு வீட்டின் முழுச் சொத்தும் ஒரு பென்னுக்குள். இடம் இல்லை என்று சுருக்கிய காலம் போய்விட்டது. வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் ஃபிளாக்கில் இருந்து எம்பீ3 ஒன்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தை வைத்துக்கொண்டு.

ஏற்கனவே எம்பீ3-ஆக எரித்த சீடீ என்றால் கோப்புகளை அப்படியே கொப்பி பண்ணினால் போதும். அதை ஃபிளாக்காக மாற்றினால் இடம்தான் வீண், பிழிந்த சக்கை மறுபடி கரும்பாகாது. கல்யாண வீசீடீக்களில் டெட் என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதையும் மாற்றாமல் அப்படியே எடுத்து வையுங்கள். கெசட்டுக்கு மட்டும் வேலை கூட. நல்ல டெக், தலையை அல்கஹோலால் துடைப்பது, ஒடாசிட்டியில் பதிவது. இங்கேதான் 24 பிட்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது. பதியும்போது ஒலி மட்டத்தைக் கொஞ்சம் தாழ்வாக வைத்தாலும் பிறகு தரம் குறையாமல் உயர்த்தலாம். ஹை-ரெஸ் கேட்பவரை விடப் பதிபவருக்கே தேவை.

கடையில் கொடுத்துச் செய்விக்கலாமா என்றால், செய்விக்கலாம், ஆனால் கேட்டுக் கொடுங்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் ஒரு கடையில் பன்னிரண்டு கெசட் கொடுத்தார். திரும்ப வந்தது மிகவும் சுருக்கிய எம்பீ3, இரண்டாம் பக்கம் எடுக்கவே இல்லை, மூலக் கெசட்டுகளைக் கேட்டபோது "அது தேவையில்லைதானே நானா" என்றார்களாம். எந்த வடிவம், எந்தத் தரம், மூலம் திரும்ப வருமா என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கொப்பி எடுத்த பிறகும் மூலத்தை எறியக் கூடாது.

உரிமை பற்றியும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சட்டபூர்வமாக வாங்கிய பிரதியில் இருந்து சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்வதற்கு இடம் உண்டு. எடுத்ததை முந்நூறு பேர் உள்ள குழுமத்தில் போடுவது அதற்குள் அடங்காது. நல்ல எண்ணத்தோடு போட்டாலும் பாடியவருடைய, பதிந்தவருடைய ஹக் அதில் இருக்கிறது. வீட்டுப் பதிவுகளில் வேறு பிரச்சினை. உம்மா வாப்பாவுக்குப் பேசி அனுப்பிய கெசட்டில் குடும்பத்துப் பேச்சு இருக்கும், கடன் இருக்கும், யாரோ ஒருவர் மீது கோபம் இருக்கும். கேட்டவுடன் அழுகை வரும், உடனே பகிரத் தோன்றும். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் கேட்காமல் வெளியே விடாதீர்கள். பெண்கள் மட்டும் இருந்த மஜ்லிஸில் பதிந்ததென்றால் இன்னும் கவனம்.

கடைசியாக, எனக்கு இதில் எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. சீடீயைக் கொம்பியூட்டரில் போட்டால் வரும் பெயர் "டிரெக் 01". அப்படியே விட்டால் குரல் பிழைத்தும் ஆள் தொலைந்துவிடுகிறார். பயான் செய்த ஹஸரத் யார், எந்தப் பள்ளி, எந்த வருட மீலாத், பின்னால் இருமுவது யார், "சத்தம் போடாதீங்கடா" என்று பிள்ளைகளை அதட்டுவது யார். இது தெரிந்தவர்கள் எண்பது வயதில் இருக்கிறார்கள். எந்தச் சொப்ட்வெயாரும் இதை வாசித்துச் சொல்லாது. கோப்பின் பெயரிலேயே ஆள், இடம், வருடம் எழுதுங்கள். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் "வாப்பா சவூதி போன வருடம்" என்று எழுதினாலும் போதும், பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் கொடுக்க இதை விட நல்ல வேலை இல்லை. தகவல் தொழில்நுட்பமும் வரலாறும் ஒரே மேசையில் வருகிறது. மூத்தம்மாவோடு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசவும் ஒரு சாட்டு.

பிரதி இரண்டு வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். மேட்டு நிலத்தில் இருக்கும் மாமி வீட்டிலோ வெளிநாட்டில் இருக்கும் நானாவிடமோ. ஒரே அலுமாரியில் இரண்டு பென் வைத்தால் அது ஒரு பிரதிதான்.

என்னிடம் ட்ரைவ் ஒன்றும் ஓடுகிற கெசட் டெக் ஒன்றும் இருக்கின்றன. தவணை விடுமுறையில் சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். காசு எதுவும் இல்லை, பென் மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும். ஒரு வீட்டுக்கு முதலில் ஐந்து டிஸ்க், மிச்சம் அடுத்த கிழமை. இன்பொக்ஸில் சொல்லிவிட்டு வாருங்கள். குரலை அடையாளம் சொல்லக் கூடிய பெரியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். உம்மாமாரும் வரலாம், எங்கள் வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள்.